ஆர்ச் மேனிங்கும் டெக்சாஸ் ரசிகர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்டினுக்குப் புதிதாக வேலைக்கோ படிப்புக்கோ வருபவர்கள், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் பெற்றோர் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. சனிக்கிழமை வந்தால் ஊரே ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவதைப் பார்த்துவிட்டு வரும் கேள்விகள். தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யார் இந்த ஆர்ச் மேனிங்?

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் லாங்ஹார்ன்ஸ் ஃபுட்பால் அணியில் குவார்ட்டர்பேக். லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஐசிடோர் நியூமேன் என்ற பள்ளியில் படித்தவர். 2004இல் பிறந்தவர். 2022 ஜூன் 23 அன்று, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, டெக்சாஸுக்குத்தான் வரப்போகிறேன் என்று ட்விட்டரில் அறிவித்தார். அந்தப் பதிவு ஒரே ஒரு வரி, ஒரு ஹேஷ்டேக், அவ்வளவுதான்.

அன்று வியாழக்கிழமை. எங்கள் அலுவலகத்தில் ஒரு மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. எதிரில் இருந்தவர் போனைப் பார்த்தார், பேச்சை நிறுத்தினார், போனை மேஜை மேல் திருப்பி எல்லாருக்கும் காட்டினார். அதற்கப்புறம் அந்த மீட்டிங் நடக்கவில்லை. நடத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

இது உதைபந்தா?

இல்லை. அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் ஹெல்மெட்டும் தோள்கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது. பந்தை வாங்கி, யாரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுப்பவர்தான் குவார்ட்டர்பேக். அணியின் மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பள்ளிப் பையன் கல்லூரியில் சேர்வதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். பதிலும் கொஞ்சம் நீளம்.

இங்கே கல்லூரி ஃபுட்பாலை மாணவர் விளையாட்டு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ஆஸ்டினில் இருக்கும் டேரல் கே. ராயல் அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேல் உட்காரலாம். டெக்சாஸில் பள்ளி ஆட்டங்களுக்கே பெரிய கூட்டம் வரும். டல்லஸ் பக்கத்தில் ஆலன் என்ற ஊரில், ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளிக்காக 18,000 பேர் உட்காரும் அரங்கத்தை 2012இல் திறந்தார்கள். ஆஸ்டின் நகரத்துக்கு வெகு காலம் பெரிய தொழில்முறை அணி எதுவுமே கிடையாது. இப்போதும் தொழில்முறை ஃபுட்பால் அணி இல்லை. ஊருக்கென்று இருப்பது லாங்ஹார்ன்ஸ்தான்.

அப்புறம், கல்லூரி அணியில் ஒருவர் நாலைந்து வருடம்தான் ஆட முடியும். யாரும் நிரந்தரம் இல்லை. அதனால் அடுத்து யார் வரப்போகிறார்கள் என்ற கேள்வி எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். தொழில்முறை ஆட்டத்தில் அணிகள்தான் வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. ஐபிஎல் ஏலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், எந்த அணி கூடக் கேட்கிறதோ அங்கே போக வேண்டியதுதான். பள்ளியிலிருந்து வரும்போது மட்டும் இது தலைகீழ். பையன்தான் அணியைத் தேர்ந்தெடுக்கிறான். நாட்டின் பெரிய பயிற்சியாளர்கள் அவன் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்து, எங்களிடம் வா என்று கேட்கிறார்கள். எங்கு வேண்டுமானாலும் போகக்கூடிய ஒருவன் நம்மைத் தேர்ந்தெடுத்தான் என்பதில்தான் அந்தச் சந்தோஷம் இருக்கிறது.

2022இல் அது எவ்வளவு தேவையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். லாங்ஹார்ன்ஸ் கடைசியாக தேசிய சாம்பியன் ஆனது 2005 பருவத்தில். 2006 ஜனவரி 4 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில், கடைசி 19 நொடி இருக்கும்போது வின்ஸ் யங் பந்தோடு வலது பக்கம் ஓடி எல்லைக் கோட்டைக் கடந்தார். அப்படிக் கடப்பதைத்தான் டச்டவுன் என்பார்கள். 41-38. அதற்குப் பிறகு அந்த உயரத்துக்குப் போகவே முடியவில்லை. 2021இல் ஸ்டீவ் சர்க்கீசியன் புதுப் பயிற்சியாளராக வந்தார். முதல் பருவத்தில் 5 வெற்றி, 7 தோல்வி. தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றார்கள். அந்த ஆறில் ஒன்று சொந்த ஊரில் கான்சஸிடம் 57-56 என்று போனது. கான்சஸ் தன் கூட்டமைப்பில் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு) வெளியூர் ஆட்டம் ஒன்றை ஜெயித்தது 2008க்குப் பிறகு அன்றுதான். அன்று இரவு அரங்கத்திலிருந்து பார்க்கிங் வரை நடந்தபோது யாரும் யாருடனும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கு ஏழு மாதம் கழித்து, நாட்டிலேயே முதல் இடத்தில் மதிப்பிடப்பட்ட பையன், அந்த வருட சாம்பியனான ஜார்ஜியாவும் அலபாமாவும் கூப்பிட்டும் போகாமல், ஐந்து ஆட்டம் மட்டும் ஜெயித்த அணிக்கு வருகிறேன் என்கிறான். ஊர் துள்ளிக் குதித்ததற்கு இதுதான் காரணம்.

மேனிங் என்ற பெயருக்கு என்ன அவ்வளவு மதிப்பு?

தாத்தா ஆர்ச்சி மேனிங், 1960களின் கடைசியில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக். அவர் அணிந்த எண் 18. இன்றும் அந்த வளாகத்தில் வண்டிகளின் வேக வரம்பு மணிக்கு 18 மைல். அவருக்கு மரியாதையாக வைத்தது. சித்தப்பா பெய்டன், இன்னொரு சித்தப்பா ஈலை, இருவரும் தொழில்முறை ஃபுட்பாலின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை ஆளுக்கு இரண்டு முறை ஜெயித்தவர்கள். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று நம் ஊரில் சொல்வதைத்தான் இங்கே வேறு வார்த்தையில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எனக்கு இந்தக் குடும்பத்தில் மனதில் நிற்பவர் ஆர்ச்சின் அப்பா கூப்பர். மூன்று மகன்களில் மூத்தவர். பந்தைப் பிடிப்பவராக ஆடினார். தம்பி பெய்டன் எறிய, அண்ணன் பிடிக்க, ஒரே பள்ளி அணியில் இருவரும் சேர்ந்து ஆடியிருக்கிறார்கள். மிசிசிப்பியில் இடமும் கிடைத்தது. அப்போதுதான் முதுகுத்தண்டில் நரம்பு போகும் பாதை குறுகியிருப்பது தெரிந்தது. பதினெட்டு வயதில் ஆட்டம் முடிந்துபோனது. பெய்டன் தொழில்முறை ஆட்டத்தில் கடைசி வரை 18ஆம் எண்ணை அணிந்தது அப்பாவை மட்டும் நினைத்து அல்ல, பள்ளியில் அதே எண்ணை அணிந்த அண்ணனையும் நினைத்துத்தான். ஆர்ச் டெக்சாஸில் அணிவது 16.

இன்னொரு விஷயமும் உண்டு. 1994இல் பெய்டன், அப்பா படித்த மிசிசிப்பிக்குப் போகாமல் டென்னசிக்குப் போனார். அங்கிருந்த ரசிகர்கள் கொதித்துப்போய் ஆர்ச்சிக்கு வசைக் கடிதங்கள் எழுதினார்கள். மகன் எந்தக் கல்லூரியில் படிக்க வேண்டும் என்பதற்காக ஒரு தகப்பனுக்கு வந்த கடிதங்கள். ஒரு பையனின் முடிவை ஊர் தன் சொத்தாக நினைக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று அந்தக் குடும்பத்துக்கு நன்றாகவே தெரியும்.

அதனால்தான் ஆர்ச் அவ்வளவு அமைதியாக இருந்தாரா?

அப்படித்தான் நினைக்கிறேன். இந்தக் காலத்தில் பெயர் வாங்கிய பள்ளி வீரர்கள் ஒவ்வொரு அழைப்பையும் இணையத்தில் போடுவார்கள். மேஜையில் நாலு கல்லூரித் தொப்பிகளை வரிசையாக வைத்து, கேமரா முன்னால் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். அதில் தப்பு எதுவும் இல்லை. பல குடும்பங்களுக்கு வாழ்க்கையில் ஒருமுறை வரும் பெருமை அது. மேனிங் வீட்டில் அதைச் செய்யவில்லை. பேட்டிகள் மிகக் குறைவு. பத்தொன்பது வயதுகூட ஆகாத பிள்ளையைச் சுற்றி வேலி கட்டி வளர்த்தார்கள். அந்த வேலிக்காக நான் அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஃபைவ் ஸ்டார் என்கிறார்களே, ஸ்டார் கொடுப்பது யார்?

அரசோ பல்கலைக்கழகமோ அல்ல. ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ், இஎஸ்பிஎன் போன்ற நிறுவனங்களில் இருப்பவர்கள் பள்ளி ஆட்டங்களையும் முகாம்களையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். எல்லாருடைய மதிப்பெண்ணையும் சேர்த்து ஒரு கூட்டு மதிப்பெண்ணும் உண்டு. அதன் உச்சம் 1.0000. ஐந்து ஸ்டார் என்றால் நாடு முழுக்க ஒரு வருடத்தில் ஏறக்குறைய முப்பது பேர்.

‘கமிட்’ ஆகிவிட்டேன் என்றால் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தமா?

இல்லை. கமிட் என்பது நிச்சயதார்த்தம் மாதிரி. கையெழுத்துப் போடுவதுதான் தாலி கட்டுவது. இடையில் மனம் மாறலாம், மாறுகிறார்கள். 2021 டிசம்பரில் டிராவிஸ் ஹண்டர் என்ற முதல்நிலை வீரர், ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தவர், கையெழுத்து நாளன்று ஜாக்சன் ஸ்டேட் என்ற கறுப்பினத்தவருக்கான வரலாற்றுப் பெருமை மிக்க பல்கலைக்கழகத்துக்கு மாறினார். யாரும் எதிர்பார்க்கவில்லை. மூன்று வருடம் கழித்து, கொலராடோவில் ஆடும்போது, கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மனை வாங்கினார்.

கையெழுத்துக்கு முதலில் வருவது டிசம்பர் சுற்று. அதைத் தவறவிட்டால் பிப்ரவரி. ஆர்ச் 2022 டிசம்பர் 21 அன்று கையெழுத்துப் போட்டார். ஜூனிலிருந்து அதுவரை ஆறு மாதம் நாங்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

ஒருவர் வந்தால் மற்றவர்களும் வருவார்களா?

வருவார்கள். குவார்ட்டர்பேக் யார் என்று தெரிந்தால், பந்தைப் பிடிப்பவருக்கும் அவரைக் காப்பவருக்கும் முடிவெடுப்பது சுலபம். ஆர்ச் அறிவித்ததைத் தொடர்ந்து நல்ல வீரர்கள் பலர் டெக்சாஸ் பக்கம் சாய்ந்தார்கள். அந்த வருடத்துப் புதுமுகங்களின் தரவரிசையில் டெக்சாஸ் நாட்டில் மூன்றாம் இடம்.

வந்ததும் ஆடினாரா?

ஆடவில்லை. ரசிகர்களில் பாதிப் பேருக்கு இதுதான் புரியாமல் இருந்தது.

ஏற்கனவே குவின் ஈவர்ஸ் இருந்தார். அவரும் சாதாரண ஆள் இல்லை. பள்ளியில் அந்த 1.0000 மதிப்பெண் வாங்கிய அபூர்வமான சிலரில் ஒருவர். 2023இல் அவருக்குத் தோளில் அடிபட்டபோதுகூட உள்ளே போனது மாலிக் மர்ஃபிதான். ஆர்ச் அப்போது மூன்றாவது ஆள். அந்த வருடம் நவம்பர் கடைசியில், டெக்சாஸ் டெக்கை 57-7 என்று அடித்த ஆட்டத்தின் இறுதியில்தான் முதன்முதலாகக் களத்தில் கால் வைத்தார்.

இப்போது கல்லூரி மாறுவது ரொம்பச் சுலபம். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்று ஒன்று இருக்கிறது. அதில் பெயரைப் பதிந்தால் வேறு கல்லூரிகள் தொடர்புகொள்ளலாம். ஈவர்ஸே ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து அப்படி மாறி வந்தவர்தான். ஆர்ச் போய்விடுவார், போய்விடுவார் என்று வாராவாரம் செய்தி வந்துகொண்டிருந்தது. அவர் போகவில்லை. இரண்டு பருவம் பொறுமையாக, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அவர் எறிந்த எந்த டச்டவுனையும்விட அந்த நிற்றல் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அவர் ஆடியதில் மறக்க முடியாத நாள் எது?

2024 செப்டம்பர் 14. சான் அன்டோனியோவிலிருந்து யூடிஎஸ்ஏ அணி வந்திருந்தது. நாங்கள் மேல் அடுக்கில் இருந்தோம். அந்த நேரத்திலும் சிமென்ட் படி சூடாகவே இருந்தது. இரண்டாவது கால்பகுதியில் ஈவர்ஸ் வயிற்றுப் பக்கம் பிடித்துக்கொண்டு வெளியே போனார். பக்கவாட்டுக் கோட்டில் 16ஆம் எண் ஹெல்மெட்டை மாட்டுவது தெரிந்ததும் ஒரு சத்தம் கிளம்பியது. ஆரவாரம் என்று சொல்ல முடியாது. ஒரு லட்சம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்த மாதிரி இருந்தது.

முதல் பந்து. 19 கெஜம். டச்டவுன்.

அடுத்த முறை பந்து கைக்கு வந்ததும் தானே எடுத்துக்கொண்டு 67 கெஜம் ஓடினார். எனக்கு முன் வரிசையில், சாயம் போன ஆரஞ்சுத் தொப்பி அணிந்த ஒரு பெரியவர். அதுவரை எழுந்து நிற்காதவர். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். வாயிலிருந்து வந்தது ஒரே பெயர்: ‘வின்ஸ்.’ அந்தப் பெயரை அவர் எத்தனை வருடமாக உள்ளே வைத்திருந்தாரோ!

ஆட்டம் 56-7. ஆர்ச் எறிந்தது நாலு டச்டவுன், ஓடி அடித்தது ஒன்று. மறுநாள் வந்த தரவரிசையில் டெக்சாஸ் முதலிடம். 2008க்குப் பிறகு அப்போதுதான்.

இவர்களுக்குச் சம்பளம் உண்டா?

முன்பு கிடையாது. படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, கொஞ்சம் கைச்செலவு, அவ்வளவுதான். 2021 ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரங்களில் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகக் கொடுக்கலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருடத்துக்கு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர் உச்ச வரம்பு. இத்தனை காலம் அரங்கத்தை நிரப்பிய பிள்ளைகளுக்கு இது வர வேண்டிய பணம் என்பது என் கருத்து.

ஆர்ச் முதன்முதலில் செய்த ஒப்பந்தம் ஒரு விளையாட்டு அட்டை நிறுவனத்தோடு. அவர் கையெழுத்திட்ட, உலகத்திலேயே ஒன்றே ஒன்றான ஓர் அட்டையை 2023இல் ஏலம் விட்டார்கள். 1,02,500 டாலருக்குப் போனது. அந்தப் பணம் ஆஸ்டின் பகுதியில் இருக்கும் ஓர் அறக்கட்டளைக்குத் தரப்பட்டது. அப்போது அவர் கல்லூரியில் ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை.

2025இல் என்ன ஆனது? ஏமாற்றிவிட்டார் என்கிறார்களே?

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ஈவர்ஸ் போன பிறகு 2025தான் ஆர்ச்சின் சொந்த வருடம். பருவம் தொடங்கும் முன் ஏபி செய்தி நிறுவனம் வெளியிட்ட தரவரிசையில் டெக்சாஸ் முதலிடம். பல்கலைக்கழக வரலாற்றிலேயே அது முதல்முறை. ஆகஸ்ட் 30 அன்று, முந்தைய சாம்பியனான ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரில் முதல் ஆட்டம். 14-7 என்று தோற்றார்கள். இரண்டு வாரம் கழித்து யூடெப் அணியோடு ஆஸ்டினில் நடந்த ஆட்டத்தில் ஜெயித்தும்கூட, எறிந்த பந்துகள் சரியாகப் போய்ச் சேராததால் நம் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். நம் அரங்கத்தில், நம் பையனைப் பார்த்து. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வருடம் முன்பு அவர் பெயர் போட்ட சட்டையைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த அதே கைகள்தானே வாயில் குவிந்து கூச்சல் போட்டன?

அக்டோபரில் ஃபுளோரிடாவிடமும் தோற்றார்கள். அப்புறம் மெல்ல மெல்ல ஆட்டம் கூடிவந்தது. நவம்பர் 28 அன்று, அதுவரை ஒன்றுகூடத் தோற்காமல் வந்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை ஆஸ்டினில் 27-17 என்று வீழ்த்தினார்கள். டிசம்பர் 31 அன்று, பருவ முடிவில் நடக்கும் சிட்ரஸ் பௌல் ஆட்டத்தில் மிச்சிகனை 41-27. பருவத்தின் முதல் மாதத்திலேயே தீர்ப்பு எழுதியவர்கள் இந்த இரண்டு ஆட்டங்களையும் முழுதாகப் பார்க்க வேண்டும்.

ஃபைவ் ஸ்டார் எல்லாரும் பெரிய ஆளாக வருவார்களா?

கிடையாது. சராசரியாகப் பார்த்தால் ஸ்டார் அதிகம் உள்ளவர்கள் அதிகம் ஜெயிக்கிறார்கள், அதிகம் பேர் தொழில்முறைக்குப் போகிறார்கள். அதனால்தான் பயிற்சியாளர்கள் அவர்களுக்காக இப்படி அலைகிறார்கள். ஆனால் தனி ஒருவரை எடுத்துக்கொண்டால் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. 1.0000 வாங்கிய ஈவர்ஸ், டெக்சாஸை இரண்டு முறை தேசிய அரையிறுதிக்குக் கொண்டுபோனவர், தொழில்முறைத் தேர்வில் ஏழாவது சுற்றில்தான் எடுக்கப்பட்டார். இன்னொரு பக்கம் ஜோஷ் ஆலன். கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற சிறிய விவசாய ஊர்ப் பையன். பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய கல்லூரியும் கூப்பிடவில்லை. ஜூனியர் கல்லூரி ஒன்றில் ஆடிவிட்டு, வயோமிங்குக்குப் போய், அங்கிருந்து எருமைச் சின்னம் அணியும் பஃபலோ பில்ஸுக்குப் போய், 2024 பருவத்தில் தொழில்முறையின் மிக மதிப்புமிக்க வீரர் விருதையே வாங்கினார்.

பிடித்த பள்ளி வீரருக்கு ‘எங்கள் அணிக்கு வா’ என்று மெசேஜ் அனுப்பலாமா?

வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கொடுப்பவர் என்றால் அது விதிமீறலாகவே ஆகலாம். பயிற்சியாளர்களே பதினோராம் வகுப்பு செப்டம்பர் 1 வரை பையனுக்கு நேரடியாகச் செய்தி அனுப்ப முடியாது. நீங்கள் வெறும் ரசிகர்தான் என்றாலும் அந்தப் பக்கம் இருப்பது பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை. ஹோம்வொர்க் செய்துகொண்டிருக்கும் நேரத்தில் அவன் போனில் ஆயிரம் பெரியவர்கள் கெஞ்சிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். அவன் வேறு கல்லூரியைச் சொன்னால் அதே ஆட்களில் சிலர் திட்டவும் செய்கிறார்கள். வாழ்த்துச் சொல்ல ஆசையாக இருந்தால், அவன் முடிவு சொன்ன பிறகு, எந்தக் கல்லூரியாக இருந்தாலும், ஒரு வரி நல்ல வார்த்தை எழுதுங்கள். போதும்.

முதல்முறையாக ஆட்டம் பார்க்கப் போகிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

சட்டை பர்ன்ட் ஆரஞ்சு நிறத்தில் இருக்கட்டும், செங்கல் நிறத்துக்குப் பக்கத்தில் வரும். பளிச்சென்ற ஆரஞ்சு டென்னசி அணியுடையது, எடுத்துவிடாதீர்கள். செப்டம்பர் பகல் ஆட்டம் என்றால் வெயில் நம் ஊர் சித்திரை மாதிரி அடிக்கும், தொப்பியும் தண்ணீரும் முக்கியம். ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டி மற்றதை மடக்கினால் அது மாட்டுக் கொம்பு. அதுதான் எங்கள் வணக்கம். களத்தின் ஓரத்தில் நீளக் கொம்போடு நிஜமாகவே ஒரு காளை நிற்கும், பெயர் பீவோ. ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் அணி அரங்கத்தைப் பார்த்து நிற்க, எல்லாரும் கையை உயர்த்திப் பல்கலைக்கழகப் பாட்டைப் பாடுவார்கள். வெளியே வந்து மேற்குப் பக்கம் நடந்தால் பல்கலைக்கழகக் கோபுரம் கண்ணில் படும். ஜெயித்த இரவென்றால் அதற்கு ஆரஞ்சு வெளிச்சம் போடுவது வழக்கம்.